கிள்ளான்வாலி

மார்ச் 5, புதன். டில்லி

வந்து சேர்ந்தேன். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம், பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை முழுக்க என் பக்கம். குடிநுழைவு அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். இந்தி தெரியாது என்றேன். முகத்தைப் பார்த்தார், மலேசியக் கடப்பிதழைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருடமாக இதே முகம்தான், நான் என்ன செய்ய?

டாக்சிக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதலில் கேட்டது, "ஹஸ்பெண்ட்?" கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை வருகிறார் என்றேன். எங்கள் ஊர் கிள்ளானில், லிட்டில் இந்தியாவில் வாங்கிய கவரிங் தாலி. தனியாகப் பயணம் போகும் பெண்களுக்கு இது பாதுகாப்பு என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். கடைக்காரப் பெண் "யாருக்குக்கா?" என்று கேட்டாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு என்றேன். டீச்சர் சொன்னால் எதையும் நம்புவார்கள்.

மார்ச் 6, வியாழன். கதம்கேடா

மதுரா வரை ரயில், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்து. ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர், நான் இந்தியில் பதில் சொல்லாததைத் திமிர் என்று நினைத்துத் திட்டினார். என்ன திட்டினார் என்று புரியாததால் நானும் தமிழில் திட்டினேன். இருவருக்கும் மனம் ஆறியது.

நான் அறை பதிந்திருந்த வீட்டின் வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். முக்காட்டை விலக்கிவிட்டு, "வாங்க்கா! தவமலர்னு பேரப் பாத்ததுமே நம்மாளுன்னு நெனச்சேனுங்க்கா. பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்றாள். பையைக் கீழே போட்டுவிட்டேன்.

பெயர் சுநைனா. புருஷனோடு திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். ஊர் திரும்பி நாலு வருடமாகிறது. மாடியில் இரண்டு அறையைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். என் தமிழைவிட அவள் தமிழ் மரியாதையாக இருக்கிறது. வீட்டுக்கு அதிகாரி அவள் மாமியார் கேசர். அறுபது வயது, சிரிப்பதில்லை. என் தலைமையாசிரியர் ஒருவர் இப்படித்தான் இருந்தார்.

வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள் சுநைனா. நாளைக்கு வருகிறார் என்றேன். பெயர் கேட்டாள். தனபாலன் என்றேன். எங்கிருந்து அந்தப் பெயர் வந்ததோ தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஏன் வந்தேன் என்பதை ஓர் இடத்திலாவது எழுதி வைக்க வேண்டும்.

ஜனவரியில் தம்பி மகள் லோஷினிக்கு நிச்சயதார்த்தம். சொந்த அத்தை நான் ஒருத்திதான். முதல் நலங்கு அத்தை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சந்தனம் கரைத்ததே நான்தான். கிண்ணத்தோடு எழுந்தபோது தம்பி மனைவி வாசுகி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் வாங்கினாள். "அக்கா, நீங்க படம் எடுங்க. உங்க அளவுக்கு யாரும் நல்லா எடுக்க மாட்டாங்க லா" என்றாள். ஈப்போவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தங்கை, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், அத்தையாக நின்று நலங்கு வைத்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, எனக்கு ஆகவில்லை. நூற்று நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. எனக்கு ரொம்ப வலித்தது. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணம் மே மாதம்.

பிப்ரவரியில் ஒரு காணொளி பார்த்தேன். ஹோலிக்கு இரண்டு நாள் முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் ஆளுயர மூங்கில் தடியோடு தெருவை மறித்து நிற்கிறார்கள். பக்கத்து ஊரான பிப்ரோலியின் ஆண்கள் தலைக்கு மேல் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் படி ஏற வருகிறார்கள். பெண்கள் வெளுத்து வாங்குகிறார்கள். மேலே இருந்து வண்ணம் கொட்டுகிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தவள் நான். ஓரமாக நின்று பார்ப்பதற்காக டிக்கெட் எடுக்கவில்லை. அந்த வரிசையில், நடுவில், ஒரு நாள் நிற்க வேண்டும்.

இன்று காலை சப்பாத்தி உருட்டிக்கொண்டே இதைச் சுநைனாவிடம் சொன்னேன், நலங்கை விட்டுவிட்டு. அவள் கை நின்றது.

"தடி எல்லாருக்கும் தர மாட்டாங்களேங்க்கா. இந்த ஊருல பொறந்த பொண்ணுகளே தொடக் கூடாதுங்க. அவங்க மாடியில நின்னு கலர் ஊத்தலாம், அவ்வளவுதானுங்க. வெளியூர்ல இருந்து வந்த மருமகளுங்களுக்கு மட்டுந்தானுங்க தடி."

இரண்டாயிரத்துச் சொச்சம் மைல் பறந்து வந்தாலும் அதே வரிசைதான். மாவை அழுத்தி உருட்டினேன். வரைபடத்தில் இல்லாத ஏதோ நாடாக வந்தது.

சுநைனா என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சேங்க்கா. மாமியார்கிட்டக் கேக்கட்டுங்களா?" என்றாள்.

கேள் என்றேன்.

தனபாலனின் விமானம் தாமதம் என்றும் சொன்னேன்.

மார்ச் 8, சனி

கேசர் சம்மதித்தார். மூலையிலிருந்து ஒரு தடியை எடுத்து என் கையில் கொடுத்து, வீசிக் காட்டச் சொன்னார். பின்கட்டில் சுநைனாவும் பக்கத்து வீட்டு மருமகள்கள் நால்வரும் நின்று பார்த்தார்கள். சுநைனாவின் புருஷன் கேடயத்தைத் தலையில் கவிழ்த்துக் குந்தினார்.

ஹாக்கியில் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கிய பெண்களை எத்தனை தரம் விசில் ஊதி நிறுத்தியிருப்பேன்! கை மேலே போக மறுத்துவிட்டது. இரண்டு கையாலும் தடியின் நுனியைப் பிடித்து, குனிந்து, தரையோடு வீசினேன். அந்த மனிதர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கோழிக் கூண்டின் மேல் விழுந்தார்.

ஒருத்தியும் சிரிப்பை அடக்கவில்லை. இங்கே கேடயத்தில் மட்டும்தான் அடிக்க வேண்டுமாம். இடுப்புக்குக் கீழே தடி போனால் பெரிய அவமானம். என் ஆட்டத்தில் மேலே போனால் தப்பு, இவர்கள் ஆட்டத்தில் கீழே போனால் தப்பு. கேசர் பின்னால் வந்து என் இரண்டு முழங்கையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். ஐம்பது தரம் அடிக்க வைத்தார். அதன்பின் ஒரு பெரிய டம்ளர் பாலில் நெய்யை விட்டுக் கொடுத்தார். வரிசையில் நிற்கும் மருமகள்களுக்கு இந்த மாதம் முழுக்க மாமியார்கள் இப்படி ஊட்டுவார்களாம். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தேன்.

ஒன்று கவனித்தேன். இங்கே மருமகள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சுநைனா ஹாத்ரஸ்வாலி, அதாவது ஹாத்ரஸ்காரி. பக்கத்து வீட்டுக்காரி பரேலிவாலி. கேசரே நாற்பது வருடமாக அல்வர்வாலிதான். எங்கள் பக்கம் கல்யாணமான பெண் பிறந்த ஊரை விட்டுவிட்டுப் போவாள். இங்கே அது கூடவே வந்து கடைசிவரை இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

துறைமுகத்தில் அவசர வேலை, தனபாலன் செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து வேலை. புரசம்பூவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அண்டாவில் வேக வைத்தோம். தண்ணீர் செந்நிறமாகிறது. இதைத்தான் மாடியிலிருந்து ஊற்றுவார்கள். என் நகமெல்லாம் ஆரஞ்சு.

பூவைக் கிள்ளிக்கொண்டே எல்லோரும் தனபாலனைப் பற்றித்தான் கேட்டார்கள். சுநைனா ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். எவ்வளவு உயரம்? என்னைவிட ஒரு சாண் அதிகம். எத்தனை சப்பாத்தி சாப்பிடுவார்? ஆறு. கோபம் வருமா? வரும், உடனே போய்விடும். இடது கைக்காரர், பீன்ஸ் தொடமாட்டார், மழை பெய்தாலும் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். கேட்கக் கேட்க வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பரேலிவாலி முக்காட்டை வாயில் அடக்கிக்கொண்டு குலுங்கினாள். ஏன் இவ்வளவு சிரிப்பு என்று புரியவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்களைக் கேலி செய்வது போல இருந்தது. எனக்கும் முகம் சூடாகிவிட்டது, இந்த வயதில்!

கேசர் உள்ளே போய், பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பழைய கேடயத்தைக் கொண்டுவந்து தூசி தட்டினார். தனபாலனுக்காம். அவர் வந்ததும் பிப்ரோலிக்காரர்களோடு சேர்த்து அனுப்பிவிடுவார்களாம், நானே அடிக்கலாமாம். இதைச் சொல்லும்போது கேசரின் உதடு ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை.

தனபாலன் என்று ஒருவர் இருந்தார். தொண்ணூற்றெட்டில் பக்கத்துப் பள்ளியின் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மைதானத்தில் பயிற்சி. பிறகு கிளந்தானுக்கு மாற்றலாகிப் போனார். எழுதுவதாகச் சொன்னார். அவ்வளவுதான், அதில் வேறொன்றும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் போயிற்று.

மாலையில் வரிசையில் நிற்கப் போகும் பெண்கள் இருபத்தாறு பேர் கேசர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். நாளைய ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சடங்கு. எல்லோருக்கும் வளையல் போட்டு, வகிட்டில் குங்குமம் வைத்து, அவரவர் புருஷனின் ஆயுசுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். நானும் சுநைனாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வளையல் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. கேசர் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். என் தலையை நிமிர்த்தினார்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

தாலி போட்டுக்கொண்டபோது வெட்கமாக இருக்கவில்லை. அது டாக்சிக்காரனுக்காகப் போட்டது. ஆனால் இந்த மனுஷி நாலு நாளாக எனக்கு நெய்ப்பால் கொடுத்தவர். இல்லாத ஒருவரின் ஆயுசுக்கு இவரை வேண்ட வைக்க மனம் வரவில்லை.

"சுநைனா, சொல்லிடும்மா. எனக்குக் கல்யாணமே ஆகல. தனபாலன்னு யாரும் வரப் போறதில்ல. பொய் சொன்னேன்" என்றேன். முற்றத்தில் எல்லோர் முன்னாலும்.

சுநைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மொழிபெயர்க்கக்கூட இல்லை. கேசர் என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார் போல. குங்குமத்தைத் தட்டில் உதறினார். என் பக்கத்தில் சாத்தியிருந்த தடியை எடுத்தார். உள்ளே கொண்டுபோய்விட்டார்.

மேலே வந்து பையில் துணியை அடுக்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கு மதுராவுக்குப் பேருந்து. அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டபோது அழாததற்கும் சேர்த்து.

மார்ச் 12, புதன்

ஏழு மணிப் பேருந்தில் நான் போகவில்லை. விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன, ஆனாலும் எல்லாவற்றையும் எழுதாமல் படுக்கப் போவதில்லை.

காலை ஆறரைக்குப் பையோடு கீழே இறங்கினேன். கேசர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் தடி, கையில் கடுகெண்ணெய்த் துணி. தடி முழுக்க எண்ணெய் ஏற்றிப் பளபளவென்று வைத்திருந்தார். இரவில் எண்ணெய் குடிக்க விட்டால் மூங்கில் பிளக்காதாம். அதற்காகத்தான் உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்! என் பையைப் பார்த்துக் கேசர் என்னவோ கத்தினார்.

சுநைனா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எங்கீங்க்கா கெளம்பீட்டீங்க? தடிய யாரு புடிக்கறது?"

"நான்தான் கல்யாணம் ஆகாதவன்னு சொல்லிட்டேனே."

"அது மொத நாளே தெரியுமுங்க்கா" என்றாள். "தாலி போட்டிருக்கறீங்க, காலுல மெட்டி இல்ல. திருப்பூர்ல ஒம்பது வருசம் இருந்தவளுங்க நான், எனக்குத் தெரியாதுங்களா? மாமியாருக்குத் தாலின்னா என்னன்னே தெரியாதுங்க. வகிட்டுல குங்குமம் இல்ல, வளையல் இல்ல, தனியா வந்திருக்கறாங்க, இவங்க கன்னிப் பொண்ணுதான்னு அன்னைக்கே சொல்லீட்டாங்க."

"அப்போ தனபாலன் எத்தனை சப்பாத்தி சாப்பிடுவாருன்னு கேட்டது?"

"நீங்க சொல்ற அழகைக் கேக்கத்தானுங்க்கா. ஊரே அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து நாள் என்னை வைத்து விளையாடியிருக்கிறார்கள். அடுத்த நொடி சிரிப்பும் வந்துவிட்டது. பையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். கேசரும் சிரித்தார். அவருக்கு மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை.

பிறகு கேசர் எழுந்து தடியை என் கையில் கொடுத்தார். நான் வாங்கவில்லை. மருமகளுக்கு மட்டும்தானே என்று கேட்டேன். அவர் சொன்னதைச் சுநைனா சொன்னாள்: "அத ஊர் முன்னால கேக்கட்டும், அங்க சொல்றேங்கறாங்க."

கேட்டார்கள். மூன்று மணிக்குக் கோயில் தெருவில் வரிசை நின்றபோது, தெருவின் மறு பக்கத்து வீட்டு மூத்த மருமகள் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். மெயின்புரிவாலி. கேசருக்கும் அவளுக்கும் ஆகாது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். என்னைச் சுட்டிக்காட்டி, இவள் எந்த வீட்டு மருமகள், புருஷன் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். வாசுகியின் கை கிண்ணத்தை நோக்கி வந்த அதே நேரம்தான் மறுபடி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

கேசர் தன் தடியை ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பேசினார். சுநைனா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியூரிலிருந்து வந்து இந்த ஊர் அடுப்பில் சப்பாத்தி போட்டவளுக்குத் தடி உண்டு. இவள் ஆறு நாளாக என் அடுப்பில் போடுகிறாள், கோணலாகத்தான் போடுகிறாள், ஆனாலும் போடுகிறாள். புருஷன் கணக்கு கேட்டால், உன் புருஷன் நாலு வருடமாக டில்லியை விட்டு வரவில்லை, உன் தடியையும் வாங்கிவிடலாமா? என் வீட்டில் நிற்பவள் கிள்ளான்வாலி. நடுவில் நிற்பாள்.

மெயின்புரிவாலி முக்காட்டை இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு அவள்மேல் பாவமாகத்தான் இருந்தது. பரேலிவாலி ஓர் அடி நகர்ந்து வரிசையின் நடுவில் எனக்கு இடம் விட்டாள்.

பிறகு பிப்ரோலிக்காரர்கள் வந்தார்கள். அறுபது பேர் இருக்கும். தலைப்பாகை, கையில் கேடயம், வாயில் கேலிப் பாட்டு. மாடிகளிலிருந்து பூத்தண்ணீர் கொட்டியது. வண்ணப்பொடி பறந்து தெருவே ஒரு நொடி சிவப்பு, ஒரு நொடி மஞ்சள். முகத்தை மூடிய முக்காட்டுக்குள்ளிருந்து ஒன்றும் தெரியவில்லை. மூக்கில் பொடி, கண்ணில் தண்ணீர். தடிகள் கேடயங்களில் விழும் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. முதல் இரண்டு பேரை அடித்தேன், இருவரும் தவளை மாதிரி தத்தித் தத்தி என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் பிடித்தார்கள். என் அடி பள்ளிக்கூட அடியாகவே இருந்தது.

மூன்றாவது ஆள் கனத்த மீசைக்காரன். போன வருடம் படியேறியவன் இவன்தான் என்று சுநைனா கத்தினாள். இடது பக்கம் போகிறவன் போலத் தோளைச் சாய்த்தான். பரேலிவாலி அந்தப் பக்கம் ஓடினாள். நான் ஓடவில்லை. தோளைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று முப்பது வருடமாகக் கத்தியிருக்கிறேன். இடுப்பு வலது பக்கம் திரும்பியிருந்தது. முக்காட்டைத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிந்துவிட்டு வலது பக்கத்தில் போய் நின்றேன். நேராக என்மேலே வந்தான்.

கை மேலே போயிற்று, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே. கேடயத்தின் நட்டநடுவில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் பின்வாங்கினான், விடவில்லை. நான்கு, ஐந்து. "ஓங்கி அடிங்க்கா!" என்று சுநைனா அலறினாள். நான் தமிழில் என்னவெல்லாமோ கத்தினேன், என் மாணவிகள் கேட்டிருக்கக் கூடாது. எட்டாவது அடியில் அவன் பூத்தண்ணீரில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கேடயம் உருண்டு போய் மெயின்புரிவாலியின் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தன் தடியால் தட்டி ஒதுக்கினாள். முதலில் கை தட்டியவளும் அவள்தான்.

பிடிபட்டவனுக்குப் புடவை சுற்றிக் கோயில் படி முன்னால் ஆட விடுவது வழக்கம். ஆடிய பின், தன்னைப் பிடித்தவளின் பிறந்த ஊரைச் சொல்லி, நான் இன்ன ஊர்க்காரியிடம் தோற்றேன் என்று மூன்று தரம் உரக்கக் கூவ வேண்டும். கூவினால்தான் விடுவார்கள். மீசைக்காரனுக்கு ரோஜா நிறப் புடவை. நன்றாகவே ஆடினான். ஆடிவிட்டு என்னிடம் வந்து கும்பிட்டு, எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். "கில்லா?" என்றான். இல்லை என்றேன். "கல்லன்?" கூட்டம் சிரித்தது. இந்தியாவின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டான். கடலுக்கு அந்தப் பக்கம் என்று சுநைனா சொன்னதும் கண்ணை அகல விரித்தான். ஹாக்கி மைதானத்தில் புது மாணவிக்குச் சொல்வது போல, வாயைப் பார்க்கச் சொல்லி, மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது தரம் சரியாக வந்தது.

படியின் மேல் ஏறி நின்றுகொண்டு, கைகளை விரித்து, பெரிய குரலில் கூவினான். "கிள்ளான்வாலி!" இரண்டாவது தரம் மாடிகளிலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது தரம் தெரு முழுக்கக் கூவியது. கேசர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடியோடு சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினார். உடம்பெல்லாம் செந்நிறமாக, தலைமுடி பச்சையாக, அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மார்ச் 13, வியாழன்

எழுந்திருக்க முடியவில்லை. பரேலிவாலி முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு நானே வாசுகிக்குப் போன் செய்தேன். மே மாதம் லோஷினிக்கு முதல் நலங்கு அத்தை நான்தான் வைப்பேன் என்று சொன்னேன். அவள் சமையலறையில் குழாய் ஓடுவது கேட்டது. நான் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. வாசுகி குழாயை மூடினாள்.

"எந்தப் புடவ கட்டுவீங்கக்கா?" என்று கேட்டாள்.

இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.